எண்பத்தெட்டாம் எண் கல்

கல்லைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். நகையைக் காணோம், வண்டியைக் காணோம் என்று வந்தவர்களுக்கு நடுவே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் எழுந்து போய், "மூணு கல்லைக் காணோம் சார்" என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கல்லுங்க மேடம்? வைரமா?"

"இல்ல சார். ஒரு செவ்வந்திக்கல்லு, ஒரு ஸ்படிகம், ஒரு பைரைட் உருண்டை. எங்க காலேஜ் மியூசியத்துல இருந்தது."

"பைரைட்னா?"

"இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு. தங்கம் மாதிரி மின்னும். தங்கம் இல்ல."

"தங்கம் இல்லன்னா அதை ஏங்க திருடப் போறான்?"

அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களிடம் வந்திருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அடுத்து, திருட்டுப் போன பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டார். எங்கள் பழைய பதிவேட்டின் நகலை நீட்டினேன். மூன்று கல்லுக்கும் நேரே விலைக் கட்டத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு பழைய ஆசிரியர் காடு மேடெல்லாம் அலைந்து பொறுக்கி வந்து கல்லூரிக்குக் கொடுத்தவை. விலை இல்லையென்றால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார் பக்கத்தில் இருந்த காவலர். ஏதாவது போட்டுக்குங்க என்றேன். "ஏதாவதுன்னா எப்படி மேடம் போடறது?" என்றார். இப்படியே ஒரு மத்தியானம் போயிற்று.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் துறையில் ஒரு மியூசியம் இருக்கிறது. மியூசியம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு நீள அறை, எட்டு மர அலமாரி, ஒரு அலமாரிக்கு இருபது இழுப்பறை. இழுப்பறைக்குள் அட்டைப் பெட்டிகள், பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சின் மேல் கல், கல்லுக்குக் கீழே ஒரு சீட்டு. கல்லின் அடியில் பெயின்டில் எண் எழுதியிருக்கும். இதற்குப் பொறுப்பாளர் என்று என் பெயர் பலகையில் இருக்கிறது. யாரும் விரும்பிக் கேட்டு வாங்குகிற பொறுப்பு இல்லை இது. யார் கூட்டத்துக்கு வரவில்லையோ அவர் தலையில் கட்டுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது.

ஆடி மாதம் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து, எண்பத்தெட்டாம் எண் பைரைட் உருண்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உருண்டை அது. ஒரு பக்கம் உடைந்து, உள்ளே பொன் நிறத்தில் பொடிப் பொடியாக மின்னும். அட்டெண்டர் இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தப் பெண் கல்லைக் கையில் எடுத்தாள், திருப்பினாள், என்னைப் பார்த்தாள். எனக்கு மரியாதை தர வேண்டும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. அவள் கையில் இருந்தது ரயில்வே தண்டவாளத்தில் போடுகிற ஜல்லி.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லா இழுப்பறையையும் கவிழ்த்துப் பார்த்தோம். இன்னும் இரண்டு பெட்டியில் ஜல்லி.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த விவகாரத்தின் முதுகெலும்பு. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மார்ச் மாதமும் நாங்கள் மியூசியத்தைச் சரிபார்க்க வேண்டும். பொறுப்பாளர் ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து, எண்ணைப் பார்த்து, பதிவேட்டில் டிக் அடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறை என்னவென்றால், நான் ஃபேனுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு எண்ணை வாசிப்பேன். அட்டெண்டர் அலமாரிப் பக்கத்தில் நின்று இழுப்பறையைத் திறந்து பார்த்து, "இருக்கு" என்பார். நான் டிக் அடிப்பேன். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரிதான். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். விடைத்தாள் கட்டுகளும் ஆய்வுக்குழு வருகையும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கிற மார்ச் மாதத்தில் யார் ஆயிரத்து இருநூறு கல்லைத் தூக்கிப் பார்ப்பார்கள்? நான் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில், 'அனைத்தும் நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டன' என்ற அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்துத்தான் அட்டெண்டரைக் கவிழ்த்தது. விசாரணைக் குழு என்று மூன்று பேரைப் போட்டார்கள். அவர்கள் கணக்கு மிகச் சுலபமானது. மார்ச்சில் கல் இருந்திருக்கிறது, பொறுப்பாளர் நேரில் பார்த்திருக்கிறார். ஆடியில் இல்லை. நடுவில் கோடை விடுமுறை. விடுமுறையில் சாவி அட்டெண்டரிடம் மட்டும் இருந்தது. அப்புறம் என்ன? அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அடுத்த மே மாதம் ஓய்வு பெற வேண்டிய மனிதர். முப்பத்து நாலு வருஷம் அந்த அறையைப் பெருக்கித் துடைத்தவர்.

"கறுப்பா ஒண்ணு இருந்துச்சு மேடம்" என்று அவர் குழுவின் முன்னால் சொன்னார். "பஞ்சு மேல கல்லு இருந்துச்சு. இருக்குன்னேன்." குழு என்னைப் பார்த்தது. நான் பதிவேட்டைப் பார்த்தேன். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்லைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் தானே தெளிந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அட்டெண்டருக்கு மருங்காபுரிப் பக்கம் ஊர். போலீஸ் அங்கே போய் அவர் வீட்டைச் சோதனை போட்டது. ஆட்டுக் கொட்டகையைக் கிளறியது. ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்து, எனக்கு ஃபோன் செய்தது. நான் போனேன். ஸ்டேஷன் மேஜையில் நீள வாக்கில் குழவி கிடந்தது. ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"மேடம், இது உங்க கல்லான்னு பார்த்துச் சொல்லுங்க."

"சார், இது குழவி."

"அது தெரியுது. உங்களோடதா?"

நான் எழுதிக் கொடுத்த விவரத்தில் 'கறுப்பு நிறம், உருண்டை வடிவம்' என்று இருந்ததாம். அது போதுமாக இருந்திருக்கிறது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஒரு முறை பட்டியலில் ஏறிய பொருள் அவ்வளவு சுலபத்தில் இறங்காது என்றார்கள். ஊரில் எல்லார் கண் முன்னாலும் அவர் வீட்டுக் குழவி ஜீப்பில் ஏறியது. அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டார். உறையூரில் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை எனக்கு ஃபோன் செய்வார். "ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா மேடம்?" அவ்வளவுதான். குறை சொல்ல மாட்டார், அழ மாட்டார். திட்டினால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

போலீஸை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே கிளம்பினேன். திருச்சி கல்லுக்குப் பேர்போன ஊர். செயற்கை வைரத்தைப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பெரிய கடைவீதியை ஒட்டிய சந்துகளில் ராசிக்கல் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், பார்த்துச் சொல்கிறவர்கள் என்று வரிசையாக இருக்கிறார்கள். ஒரு வாரம் ஏறி இறங்கினேன். என் கையில் இருந்த ஃபோட்டோக்களைப் பார்த்துவிட்டு, முக்கால்வாசிப் பேர் எனக்கு என்ன ராசி என்று விசாரித்தார்கள். சனிப்பெயர்ச்சிக்கு நீலம் போடச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் நான் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, படத்தைப் பார்த்தே விலையைக் குறைத்துக்கொண்டு போனார்.

ஒரு பாய் மட்டும் ஃபோட்டோவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். முகம் மாறியது.

"இதுல நம்பர் போட்டிருக்கும்லம்மா? வெள்ளைப் பெயின்டுல எட்டு எட்டு?"

நான் ஒரு படி மேலே ஏறினேன்.

"ஆமா பாய். எங்க பார்த்தீங்க?"

"இங்கதான். மூணு கல்லு கொண்டாந்தாரு ஒருத்தரு. மூணுலயும் நம்பர். நம்பர் போட்ட கல்லை நான் தொடறதில்லம்மா. எங்கயோ கணக்குல இருக்கிற பொருளு அது. நமக்கு ஹராம். போயிடுங்கன்னேன்."

மற்ற இரண்டு கல்லையும் அந்த ஆள் வேறு எங்கோ தள்ளிவிட்டிருக்கிறான். இந்நேரம் யார் யார் விரலிலோ மோதிரமாகியிருக்கும் என்றார். கறுப்பு உருண்டையை மட்டும் யாரும் வாங்கவில்லை. மறுபடி வந்து, இதை என்ன பாய் செய்வது என்று கேட்டிருக்கிறான்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "நான் விளையாட்டாச் சொன்னேம்மா. ஆத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு போப்பா, சாளக்கிராமம்னு கும்பிடுவாங்கன்னு சொன்னேன். அஸ்தஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும். நெசமாவே போவான்னு யாரு கண்டா?"

"எப்ப பாய் இது?"

"போன தீவாளிக்கு முன்னாடி. நல்ல மழை. அவரு கையெல்லாம் தாரு அப்பியிருந்துச்சு, கல்லுலயும் ஒட்டியிருந்துச்சு."

கடைப் படியில் நின்றபடி எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன ஐப்பசியில் எங்கள் மியூசியக் கூரை ஒழுகியது. மாடியில் தார் பூசிச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். பத்து நாள் அலமாரிகள் வராந்தாவில் கிடந்தன, பூட்டு ஒன்று சரியில்லாமல். திருட்டு அப்போதே நடந்துவிட்டது. மார்ச்சில் நான் எண்பத்தெட்டுக்கு நேரே டிக் அடித்தபோது உள்ளே கிடந்தது ஜல்லி. அட்டெண்டர் குற்றவாளி இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கிருந்து நேரே முதல்வர் அறைக்குப் போயிருக்க வேண்டும்.

நான் கே.கே. நகர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய், தோசை ஊற்றிச் சாப்பிட்டேன். பாய் ஒரு வார்த்தை சொன்னால் போதுமா, கல் கையில் வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். அது நினைப்பு இல்லை, பயம். இரண்டு நாள் கழித்து அட்டெண்டர் ஃபோன் செய்தார். "பார்த்துக்கிட்டிருக்கேன் அண்ணே" என்றேன்.

சாளக்கிராமம் என்பது பெருமாளாக வைத்துப் பூஜை செய்கிற கறுப்பு உருண்டைக் கல். ஸ்ரீரங்கத்தில் அதில் ஒன்றைத் தேடுவது என்றால் என்ன என்று அங்கே தேடினவர்களுக்குத்தான் தெரியும். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் இறங்கி, தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஐந்து சனிக்கிழமை அலைந்தேன். சமீபத்தில் சாளக்கிராமம் வாங்கினீர்களா என்று கேட்பேன். எல்லாரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். "அதெல்லாம் வாங்கப்படாது" என்று கதவைச் சாத்தாத குறையாகச் சொல்வார்கள். ஐந்தாவது சனிக்கிழமைதான் ஒரு மாமி போனால் போகிறது என்று விளக்கினார். சாளக்கிராமத்துக்கு விலை பேசக்கூடாது, அதை விற்பதும் பாவம், வாங்குவதும் பாவம். ஒருவர் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம், அவருக்கு மரியாதை செய்து அனுப்பலாம். ஆக, ரசீது இல்லை, விலை இல்லை, வாங்கினவர் என்றே ஒருவர் இல்லை. ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு இதைப் புரியவைக்கிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். தலை வலித்தது.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நகராமல் நின்றது. எரிச்சலில் உட்கார்ந்திருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. சாளக்கிராமம் என்றால் தினமும் திருமஞ்சனம். தண்ணீர், பால். பைரைட்டுக்கு ஆகவே ஆகாதது ஈரம். நனைந்துகொண்டே இருந்தால் துருப்பிடிக்கும், உதிரும், கந்தக வாடை விடும். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். அந்த வீட்டில் கல் பக்கத்தில் இருக்கிற வெள்ளிப் பாத்திரம் எல்லாம் ஓயாமல் கறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நான் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. ராஜகோபுரத்துப் பக்கம் வெள்ளிக்கு மெருகு போடுகிற கடைகளுக்குப் போனேன். இரண்டாவது கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"ஒரு பேங்க் சார் இருக்காருங்க. தீர்த்த வட்டிலை மாசத்துக்கு ரெண்டு தடவை கொண்டாறாரு. நான் என்னமோ மட்டமா மெருகு போட்டுட்டேன்னு சண்டை வேற. அவரு வீட்டைத்தான் நானே பார்க்கணும்னு இருந்தேன், அங்க அப்படி என்னத்தை வெச்சிருக்காருன்னு."

பேங்க் சார் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். லேப்டாப்பை மூடிவிட்டு, வாங்கோ என்று உட்காரவைத்தார். நான் கல்லைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. பூஜை அலமாரியிலிருந்து துளசி, சந்தன வாசனையைத் தாண்டி, தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு நெடி.

"பெருமாள் எழுந்தருளியிருக்காரா உங்க ஆத்துல, போன வருஷம்?" என்று கேட்டேன். வாங்கினீர்களா என்று கேட்கக் கூடாது என்பதை அதற்குள் படித்திருந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஆமாம். ஹிரண்யகர்ப்பம். உள்ள ஸ்வர்ணம் ஜொலிக்கும். போன கார்த்திகைல மாடில தார் போட வந்தவர் குடுத்தார். நேபாளத்துலேர்ந்து அவா மாமா கொண்டு வந்ததாம். நாங்க கவுச்சி திங்கறவங்க சாமி, எங்க வீட்ல இருக்கக்கூடாதுன்னுட்டாங்கன்னார். வேஷ்டி, புடவை வெச்சுக் குடுத்து அனுப்பினோம். கீழ்ப்பக்கம் வெள்ளையா நாலு சக்கரம் ஸ்பஷ்டமா இருக்கும்."

"நாலு சக்கரம் இல்ல சார்" என்றேன். "ரெண்டு எட்டு."

ஃபோட்டோவையும் பதிவேட்டு நகலையும் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். எழுந்து போய், கையைக் கழுவிக்கொண்டு, வெள்ளித் தட்டில் வைத்து எடுத்து வந்தார். என் எண்பத்தெட்டுத்தான். ஆனால் எப்படி இருந்தது? பொன் நிறம் மங்கி, விளிம்பெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூத்து, ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. நூறு வருஷம் பஞ்சில் பத்திரமாகக் கிடந்த கல் பத்து மாதத்தில் இப்படி ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"கல்லு உதிருதுன்னு தெரியலையா சார் உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. ஸ்வாமிக்கு உஷ்ணம்னு நினைச்சோம். அதனால ஒரு வேளைக்கு ரெண்டு வேளையா திருமஞ்சனம் பண்ணினோம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தண்ணீரால் கெடுகிற கல்லுக்கு, கெடக் கெட இன்னும் தண்ணீர். "அந்தத் தீர்த்தத்தை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்வீகரிச்சுண்டோம். தினமும்."

"அது அமிலம் சார். இனிமே ஒரு சொட்டுக் குடிக்காதீங்க."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆறு மாதமாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறாராம். அதற்காக அவர் என்மேல் கோபப்படவில்லை, கல்மேலும் கோபப்படவில்லை. வேறொன்றைத்தான் கேட்டார்.

"இது போன ஐப்பசிலயே காணாமப் போயிடுத்துன்னா, நீங்க எப்போ கண்டுபிடிச்சேள்?"

"ஆடியில."

"நடுவுல மார்ச் வந்திருக்குமே. எங்க பேங்க்ல அடகு நகைப் பாக்கெட்டை வருஷா வருஷம் பிரிச்சு, எடுத்து, பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம். உங்க பக்கம் அந்த வழக்கம் இல்லையோ?"

குத்திக் காட்ட அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பார்த்து வைத்திருந்த முட்டாள்கள் வரிசை மனதில் ஓடியது. மதிப்புக் கேட்ட சப்-இன்ஸ்பெக்டர், விலை இல்லாமல் நகராத கம்ப்யூட்டர், குழவியைத் தூக்கிய ஜீப், விளையாட்டாகப் பேசிய பாய், இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிய இந்த மனிதர். வரிசையின் தலைப்பில் நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

"வழக்கம் இருக்கு" என்றேன். "நான் செய்யலை."

கல்லைப் போலீஸிடம் தரமாட்டேன் என்றார். சாக்குத் துணியில் கட்டி அரக்கு வைத்து ஒரு மூலையில் போடுவார்கள், அதைப் பார்க்கச் சக்தியில்லை என்றார். எனக்கும் இல்லை. வந்த மாதிரியே போகட்டும், கையால் கொடுக்கிறேன், குளித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கோ என்றார். சரி என்றேன். கிளம்பும்போது, கார்த்திகை மாதம் கல் வந்த அன்றைக்கு எடுத்த படம் அவர் ஃபோனில் தேதியோடு இருந்ததை எனக்கு அனுப்பச் சொன்னேன். அட்டெண்டரை விடுவிக்கிற சாட்சி அதுதான். என்னை மாட்டிவைக்கிற சாட்சியும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மடித்த பட்டுத் துணியில், துளசியோடு, கல்லை என் இரண்டு கையிலும் வைத்தார். அவர் மனைவி சமையலறைக் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூஜை அலமாரியில் கல் இருந்த இடம் காலியாக, ஈர வட்டத்தோடு இருந்தது.

"ஜலம் படக்கூடாதுன்னேள். சரி. தினமும் ஒரு தடவையாவது பார்த்துக்கறேளா?" என்று கேட்டார் அவர்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை முதல்வரிடம் போவதற்கு முன்னால் அட்டெண்டரைக் கல்லூரிக் கேண்டீனுக்கு வரச் சொன்னேன். டீ ஆறுகிற வரைக்கும் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். கல் கிடைத்துவிட்டது, திருடியது தார் போட வந்த ஆள், தார் வேலை எடுத்த கான்ட்ராக்டர் சொன்னபடி அவன் இப்போது சவுதியில், நீங்கள் விடுதலை. அவர் முகம் தெளிகிற நேரத்தில் மிச்சத்தையும் சொன்னேன்.

"மார்ச்ல நான் ஒரு கல்லையும் பார்க்கலை. அதைக் கமிட்டில சொல்லலை. திருட்டு மழைக்காலத்துலயே நடந்ததுன்னு எனக்கு ஒன்றரை மாசமாத் தெரியும் அண்ணே. சொல்லலை."

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"ஒன்றரை மாசமா?" என்றார்.

"ஆமா."

"நான் ஃபோன் பண்ணினப்பல்லாம்?"

"ஆமா."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "எங்க வீட்டுக் குழவி இன்னும் ஸ்டேஷன்லதான் கிடக்கு மேடம். அதை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க. அது எங்கம்மா அரைச்ச குழவி" என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

நான் எழுதிக் கொடுத்த கடிதம் நாலே வரி. 'மார்ச் மாதச் சரிபார்ப்பின்போது நான் எந்தக் கல் மாதிரியையும் நேரில் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்திட்டேன்' என்பது அதில் இரண்டு வரி. அதை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், கண்டித்தார்கள். பொறுப்பைப் பறித்துவிடுவார்கள் என்று பார்த்தால், எடுத்துக்கொள்ள யாரும் முன்வராததால் என்னிடமே விட்டுவிட்டார்கள். அட்டெண்டரைத் திரும்ப வேலைக்கு எடுக்கிற காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்து வர மூன்று வாரம் பிடித்தது. குழவியை வாங்க ஆறு தடவை ஸ்டேஷனுக்குப் போனேன். அது யாருடையது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். மஞ்சள் கறையைக் காட்டினேன். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டருக்கே அலுத்துப்போய்க் கொடுத்துவிட்டார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு உறையூர் போய்ச் சேர்த்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

எண்பத்தெட்டைச் சுத்தம் செய்து, உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடி டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். பாதி பொன் போனது போனதுதான். பேங்க் சார் மாதம் ஒரு தடவை வருவார். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, கையைக் கூப்பிவிட்டுப் போவார். மாணவர்கள் சிரிப்பார்கள். தினமும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு தடவை பார்க்கிற ஒருவராவது அதற்கு இருக்கிறாரே.

அடுத்த மார்ச் வந்தது. அட்டெண்டர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. நான் வழக்கம்போல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஃபேனுக்குக் கீழே நாற்காலி இல்லை. எங்கே என்று கேட்டேன். வராந்தாவில் போட்டிருப்பதாகச் சொன்னார்.

முதல் எண்ணை வாசித்தேன். இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. "இருக்கு" என்ற குரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கல்லை எடுத்து, எண் தெரிகிற மாதிரி கவிழ்த்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் நடந்து போய் வாங்கினேன், பார்த்தேன், திரும்பக் கொடுத்தேன், டிக் அடித்தேன். அடுத்தது. அடுத்தது. ஆயிரத்து இருநூறு கல். ஒன்பது நாள் ஆயிற்று. இடுப்பு விட்டுப்போனது. ஒன்பது நாளும் அவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பத்தெட்டு வந்தபோது டப்பாவை என் உள்ளங்கையில் வைத்தார். இது நன்றாகத் தெரிந்த கல், காலையில்தான் பார்த்தேன் என்ற நினைப்பில், பேனாவைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே, "இருக்கு" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.

"பார்த்துட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார்.